சின்ன அறை வழியாக ஒரு வளைவு

ஜனவரி 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். எனக்கு முழங்கால் வலி, அவளுக்கு என்னால் தலைவலி. இரண்டும் பழைய சமாச்சாரம், கவலைப்பட ஒன்றும் இல்லை. உங்கள் உடம்பு எப்படி? கப்பல் பட்டறையில் இன்னும் இரண்டு ஷிப்ட் பார்க்கச் சொல்கிறார்களா?

போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "சரி மாமா", "ஆமா மாமா" என்பதைத் தாண்டி வாயைத் திறப்பதில்லை. காகிதம் என்றால் நாலு பக்கம் எழுதுகிறீர்கள். எனக்கு அந்த நாலு பக்கம்தான் வேண்டும்.

அங்கிருந்து கிளம்பிய குருவி நல்லபடியாக நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். "கொஞ்ச நாள் இங்க இருக்கேம்பா" என்றாள். கொஞ்ச நாளைக்கு எதற்கு இத்தனை துணி என்று அத்தை கேட்டாள். அவள் குளிக்கப் போய்விட்டாள். பெண்கள் பெட்டி கட்டுவதைப் பற்றிக் கருத்துச் சொல்லி நான் நல்ல பெயர் வாங்கியதே இல்லை. அதனால் பேசாமல் பெட்டிகளைத் தூக்கிச் சின்ன அறையில் வைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் மாதிரி ரயிலுக்காக நீங்கள் செய்கிற நீராவி இஞ்சினின் படம் கிடைத்தது. முன்னால் இரண்டு சின்னச் சக்கரம், பின்னால் எட்டுப் பெரிய சக்கரம், எல்லாம் பித்தளையில் உங்கள் கையால் கடைந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் அதே நீளத்துக்கு ஓர் அட்டையை வெட்டி மேஜையில் இருக்கிற நம் பழைய வளைவில் ஓட்டிப் பார்த்தேன். அறுபது சென்டிமீட்டர் ஆரத்தில் அந்த இஞ்சின் திரும்பினால் மூக்கு தண்டவாளத்தை விட்டு வெளியே தொங்குகிறது. குழந்தைகள் விளையாடுகிற பொம்மை ரயில் மாதிரி இருக்கும்.

நான் டிக்கெட் கொடுத்த காலமெல்லாம் என் ஜன்னலில் தெரிந்தது பிளாட்பாரத்துக்கு அப்பால் இருந்த அந்த ஒரு வளைவுதான். ரயில் அதில் திரும்புவதே தெரியாது. நேராகத்தான் வந்துகொண்டிருக்கும், பார்த்தால் பக்கவாட்டில் நிற்கும். அதை நம் மேஜையில் கொண்டுவர ஒன்றரை மீட்டர் ஆரமாவது வேண்டும். நாம் முன்பே பேசியபடி ரயில் அறைச் சுவரில் இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றின் வழியாகப் பக்கத்துச் சின்ன அறைக்குள் விட்டு, அங்கே அரைவட்டம் அடித்து, இன்னொன்றின் வழியாகத் திரும்பக் கொண்டுவருவதுதான் வழி. இப்போது அந்த அறையில் குருவி படுக்கிறாள். ஆகவே அவசரம் இல்லை. அளவுகளை மட்டும் எழுதுங்கள்.

பனியில் வேலை செய்யாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
மாமா

பிப்ரவரி 3

மாமா அவர்களுக்கு வணக்கம்.

நான் நலம். வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒன்றரை மீட்டர் சரி. ஆனால் ஆணியும் கயிறும் வைத்து வட்டம் போட்டு, அதை நேர்ப்பாதையோடு ஒட்டிவிடாதீர்கள். நேராக வந்த இஞ்சின் திடீரென்று வட்டத்தில் ஏறினால் வெட்டி இழுக்கும். வட்டத்தை ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் போடுங்கள். ஸ்கேல் போல நீளமான, மெல்லிய மரப் பட்டை ஒன்றை நேர்ப்பாதையில் ஆணி அடித்து நிறுத்தி, அதன் மறுமுனையை வட்டத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள். நடுவில் பட்டையைத் தொடாதீர்கள். அது தானாக எப்படி வளைகிறதோ அதுதான் பாதை. முதலில் வளைவதே தெரியாது, பிறகு கொஞ்சம், பிறகு முழுவதும். நீங்கள் ஜன்னலில் பார்த்தது அதைத்தான்.

வளைவில் வெளித் தண்டவாளம் சற்று உயர்ந்திருக்க வேண்டும். தண்டவாளத்தைத் தாங்குகிற கட்டைகளின் வெளிமுனைக்குக் கீழே விசிட்டிங் கார்டு கனத்தில் அட்டை வையுங்கள். ஆரம்பத்தில் ஒன்று, நடுவில் இரண்டு. மூன்று வைத்தால் பெட்டி கவிழும்.

தண்டவாளத்தைப் பதிப்பதற்கு முன்பே விரலால் உருவி உருவி வளைத்துவிடுங்கள். மேஜையில் சும்மா வைத்தாலே அது வளைந்து கிடக்க வேண்டும். நேரான தண்டவாளத்தை ஆணி அடித்து வளைவில் பிடித்து வைத்தால், இணைப்பு வருகிற இடத்தில் அது மறுபடி நேராகப் பார்க்கும். அங்கே ஒரு முறிவு விழும். முதலில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சக்கரத்துக்குத் தெரியும்.

சின்ன அறைக்கு அவசரம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம்.

உங்கள்
மாப்பிள்ளை

பிப்ரவரி 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முழங்கால் பரவாயில்லை. அத்தையின் தலைவலி கூடியிருக்கிறது, காரணம் கீழே வருகிறது. உங்களுக்குச் சளி பிடித்திருக்கிறதா? எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்ததே.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை வளைவுக்காக, இரண்டாம் முறையும் வளைவுக்காக. மூன்றாம் முறை குருவி என்கிற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். "எல்லோரும்" என்று ஒன்று இருந்தது. அதற்குள் அவளும் அடக்கம் என்று நானே அவளிடம் சொன்னேன். "அப்படியாப்பா" என்றாள். ஒரு வரி எழுதுங்கள், மாப்பிள்ளை. என் கடிதத்துக்கு அடியில் எழுதினால் போதும், கத்தரித்துக் கொடுத்துவிடுகிறேன்.

அவள் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். வருகிறவர்களுக்குப் பவர் பார்த்துச் சொல்கிற வேலை. சும்மா இருக்கப் பிடிக்கவில்லையாம். நல்லதுதான்.

நான் கட்டை அறுக்கிறேன். ஒவ்வொரு ஸ்லீப்பர் கட்டையும் தீக்குச்சியை விடக் கொஞ்சம் தடிமன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அறுத்ததில் ஒன்று அத்தையின் தட்டுக்குப் போய்விட்டது. அவள் அதைக் கடித்துப் பார்த்து, எடுத்து, துடைத்து, என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பட்டை வளைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது வாஸ்தவம். தானாக வளைகிற அழகே அழகு. பொம்மை ரயில் கண்காட்சியில் உங்களை முதன்முதலாகப் பார்த்த நாள் நினைவுக்கு வந்தது. என் மேஜையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் இஞ்சின் விளக்கைத்தான் பார்த்தார்கள். நீங்கள் ஒருவர்தான் மண்டியிட்டு, தண்டவாளத்தில் கன்னத்தை வைக்காத குறையாகப் பார்த்துவிட்டு, "வளைவுல ரெண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளியை ஒரு மயிரிழை கூட்டி வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டீர்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அத்தையிடம், "குருவிக்கு மாப்பிள்ளை கிடைச்சாச்சு" என்றேன். "என்ன வேலை, எந்த ஊரு?" என்று கேட்டாள். அதை நான் கேட்கவே இல்லை. இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

ஒரு வரி. மறக்க வேண்டாம்.

உங்கள்
மாமா

மார்ச் 24

மாமா அவர்களுக்கு வணக்கம்.

நலம். சளி இல்லை. தாமதத்துக்கு மன்னிக்கவும், வீடு மாற்றினேன். அந்த வீடு ஒரு ஆளுக்குப் பெரிதாக இருந்தது. பட்டறை விடுதியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலோரம் வேலை மேஜை போட இடம் இருக்கிறது.

இணைப்பு பற்றிப் போன கடிதத்தில் முழுதாக எழுதவில்லை. இரண்டு துண்டுத் தண்டவாளத்தை நேராக இருக்கும்போதே ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடுங்கள். பிறகு இரண்டையும் ஒரே துண்டாக நினைத்து வளையுங்கள். வளைத்த பிறகு சேர்க்க முயன்றால் சேராது. உள் தண்டவாளத்தின் இணைப்பும் வெளித் தண்டவாளத்தின் இணைப்பும் எதிரெதிரே வரக் கூடாது.

லாரியில் சில பெட்டிகள் வரும். பாத்திரங்கள், புத்தகங்கள், தையல் மிஷின். அவற்றோடு ஒன்றரை மீட்டர் ஆரத்துக்குப் பிளைவுட்டில் ஓர் அச்சு வெட்டி அனுப்பியிருக்கிறேன். மேலே "மாமா" என்று எழுதியிருக்கும். அதன் விளிம்போடு சேர்த்து வைத்துப் பதித்தால் பிசகாது.

அத்தையின் தட்டில் கட்டை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
மாப்பிள்ளை

ஏப்ரல் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் சௌக்கியம். விடுதிச் சாப்பாடு எப்படி? அத்தை கேட்கச் சொன்னாள்.

லாரி வந்தது. அச்சைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. கூடத்தில் வைத்து அதன் மேல் கையை ஓட்டிக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில் குருவி மற்றப் பெட்டிகளில் ஒன்றைப் பிரித்தாள். மேலேயே அவளுடைய காப்பி டம்ளர் இரண்டும் செய்தித்தாளில் சுற்றி இருந்தன. பார்த்தாள், மூடினாள். எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"வீடு சின்னதா போச்சாம்மா, அதான் அனுப்பியிருக்கார். பெரிய வீடா பாத்துட்டு உன்னக் கூப்பிட்டுக்குவார்" என்றேன். "பெட்டிய நல்லா கட்டியிருக்கார்" என்று மட்டும் சொன்னாள். நீங்கள் எதைச் செய்தாலும் நேர்த்தியாகத்தான் செய்வீர்கள் என்று நானும் சொன்னேன்.

இப்போது ஒரு சந்தோஷ சமாச்சாரம். அவள் கடைக்குப் போயிருந்தபோது கட்டிலை நகர்த்திவிட்டு, தரையில் ஆணி வைத்துக் கயிறு கட்டி, சாக்பீஸால் அரைவட்டம் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துக் கட்டிய மாதிரி பொருந்துகிறது! அலமாரி பக்கம் ஒரு சாண் மிச்சம்கூட இருக்கிறது. கட்டிலைப் பழையபடி இழுத்துப் போட்டுவிட்டேன். கொத்தனாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ஜூனுக்குள் நீங்கள் வீடு பார்த்துவிடுவீர்கள், அவள் வந்துவிடுவாள், அறை காலியாகத்தானே இருக்கும். வரும்போது இஞ்சினையும் கொண்டுவந்தால் ஓட்டிப் பார்த்துவிட்டு அவளைக் கையோடு அழைத்துப் போகலாம். சரிதானே?

உங்கள்
மாமா

ஏப்ரல் 27

மாமா அவர்களுக்கு வணக்கம்.

நலம். சுவரை இப்போது உடைக்க வேண்டாம்.

தொண்ணூறு சென்டிமீட்டர் ஆரத்தில் ரயில் அறைக்குள்ளேயே முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. இரண்டு பக்கமும் பட்டையை நீளமாக விட்டு, வளைவின் உள்பக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரி நாற்காலியைப் போட்டுக்கொண்டால் கண்ணை ஏமாற்றிவிடலாம். முன்னால் ஒரு மண்மேடும் நாலு மரமும் வைத்தால் குறை தெரியாது.

இஞ்சினில் கொதிகலன் முடிந்தது.

வணக்கத்துடன்,
மாப்பிள்ளை

மே 6

மாப்பிள்ளைக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறதா? எனக்கு இல்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

கண்ணை ஏமாற்றுவதா? நீங்களா எழுதினீர்கள்? ஒரு மில்லிமீட்டருக்காக என்னை அரை நாள் நிற்க வைத்தவர், மண்மேடு போட்டு மறைக்கச் சொல்கிறீர்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

உங்கள் கடிதம் வருவதற்குள் கொத்தனார் வந்துவிட்டார். அடுத்த வாரம் வேறு ஊருக்குப் போகிறாராம், இப்போது விட்டால் ஆள் கிடைக்காது என்றார். இரண்டு ஓட்டையும் போட்டாகிவிட்டது. ஒன்று அலமாரி பக்கம். இன்னொன்று குருவியின் தலைமாட்டுக்கு மேலே. தலையணையில் சிமெண்ட் தூள் விழுந்ததை நான்தான் தட்டிவிட்டேன்.

அவள் கடையிலிருந்து வந்தாள். கைப்பையைக்கூட வைக்காமல் ஓட்டையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு தூளைப் பெருக்கக் கட்டிலை நகர்த்தினாள். தரையில் சாக்பீஸ் வட்டம் இருந்தது. துடைக்க மறந்துவிட்டேன். இல்லை, துடைக்க மனம் வரவில்லை.

"நான் எப்பக் கிளம்புவேன்னு வாயால கேட்டிருக்கலாமேப்பா. சுவத்த எதுக்கு உடைச்சீங்க?" என்றாள். சத்தம் போடவில்லை. அவருக்கு ஒரு வீடு கிடைத்ததும் நீ போகத்தானே போகிறாய் என்றேன். அப்போதுதான் சொன்னாள். "நீங்க எனக்கு மாப்பிள்ளை பாக்கலப்பா. உங்களுக்கு ஒரு கூட்டாளி பாத்தீங்க. நான் நடுவுல சும்மா இருந்தேன்."

அத்தை அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். என் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவதற்கு என் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

எனக்கு நெஞ்சு கனக்கிறது. உங்களுக்குள் என்னதான் நடந்தது? வளைவைப் பற்றி வேண்டாம், அதை மட்டும் எழுதுங்கள்.

மாமா

ஜூன் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போன கடிதத்தில் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நான் கேட்டதை விட்டுவிடுங்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், அதில் நான் மூக்கை நுழைத்தது தப்பு.

குருவி சின்ன அறையைக் காலி செய்துவிட்டாள். யாரையும் கூப்பிடவில்லை. கட்டிலைத் தானே தலைகீழாகத் திருப்பி இழுத்துக்கொண்டு வந்து கூடத்தில் போட்டாள். "அறைய எடுத்துக்கோங்கப்பா" என்றாள். வேண்டாம் என்றேன். "ஓட்ட போட்டாச்சு, இனிமே என்ன" என்றாள். இப்போது பெட்டிகளுக்கு நடுவே கூடத்தில் படுக்கிறாள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் அவள் காலை மடக்கி வழி விட வேண்டியிருக்கிறது.

மாப்பிள்ளை, உங்களிடம் மறைக்க மாட்டேன். இரண்டு வாரம் அந்த அறைக்குள் போகாமல் இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. பலகை போட்டேன், உங்கள் அச்சை வைத்தேன், தண்டவாளத்தை உருவி வளைத்தேன். பற்றவைத்துத்தான் வளைத்தேன். அட்டை வைத்தேன், ஆரம்பத்தில் ஒன்று, நடுவில் இரண்டு. நேற்று ஜல்லி கொட்டி முடித்தேன். தரையில் உட்கார்ந்து கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் என் டிக்கெட் ஜன்னலில் பார்த்தது அப்படியே இருக்கிறது. எங்கே வளையத் தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. இப்படி ஒன்றை நான் செய்ததே இல்லை. இதைக் காட்ட இந்த வீட்டில் எனக்கு ஆள் இல்லை.

நீங்கள் வந்து ஒரு தரம் பார்த்தால் போதும். வந்தால் அவளிடமும் நாலு வார்த்தை பேசலாம்.

உங்கள்
மாமா

ஜூன் 29

உங்களுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள்.

வக்கீல் அனுப்பிய காகிதம் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. முன்பு இருந்தது. இப்போது தேடிப் பார்த்தால் கிடைக்கவில்லை.

நான் எழுதுவது அதற்காக இல்லை. அப்பாவுக்கு நீங்கள் இன்னும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் வீட்டுக்கு வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டே "மாப்பிள்ளை இஞ்சின் படம் அனுப்பினாராம்மா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. நீங்கள் எழுதிய கடிதம் ஒவ்வொன்றையும் எனக்குப் படித்துக் காட்டுகிறார். "ஆணி அடித்து வளைவில் பிடித்து வைத்தால்" என்று நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தார். எவ்வளவு நன்றாக விளக்குகிறீர்கள். நம் வீட்டில் எனக்கு நீங்கள் இவ்வளவு நீளமாக எதையும் சொன்னதில்லை.

அவர் வளைவை முடித்துவிட்டார். தினமும் அந்த அறைக்குள் உட்கார்ந்து வாசலைப் பார்க்கிறார். நீங்கள் வருவீர்கள் என்று அம்மாவிடம் சொல்கிறார். அம்மாவுக்குத் தெரியும், நான் சொல்லிவிட்டேன். இவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால், நான் ஏதோ பிடிவாதம் பிடிக்கிறேன் என்றுதான் எடுத்துக்கொள்வார். நீங்கள் சொன்னால் நம்புவார்.

சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். அவர் அழுதால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

குருவி

ஜூலை 20

மாமா அவர்களுக்கு வணக்கம்.

அத்தையும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

நானும் குருவியும் பிரிந்துவிட்டோம். டிசம்பரிலேயே முடிவு செய்தது. காகிதத்தில் போன வாரம் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அவள் திரும்பி வர மாட்டாள், நானும் கூப்பிட மாட்டேன்.

உங்களுக்கு நான் சொல்வதாக அவளிடம் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தபோது உங்கள் ஜனவரிக் கடிதம் வந்தது. அதில் ஒன்றரை மீட்டர் ஆரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதனால் அதை எழுதினேன். அடுத்த கடிதத்துக்கும் அப்படியே. சுவரை உடைக்க வேண்டாம் என்று எழுதிய அன்று ஏன் என்பதையும் எழுதி, பிறகு அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு மண்மேடு பற்றி எழுதினேன்.

என்ன நடந்தது என்று கேட்டீர்கள். ஒன்றும் நடக்கவில்லை, மாமா. அதுதான். பக்கத்து ஊரில் இருந்தபோது ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் வீட்டுக்கு வருவோம். நாம் இருவரும் அறைக்குள் போனால் சாயங்காலம்தான் வெளியே வருவோம். திரும்புகிற வழியில் பஸ்ஸில் "இன்னிக்கு என்ன பேசினீங்க?" என்று கேட்பாள். "வளைவு" என்பேன். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியது எனக்குத் தெரியவே இல்லை. அவளோடு இருக்கும்போது எனக்கு வாய் வராது. உங்களோடு வந்தது. உங்களுக்கு முன்னால் ஒரு மேஜை இருந்தது, அதன் மேல் ஒரு வேலை இருந்தது. அவளுக்கு முன்னால் நான் வெறும் ஆளாக உட்கார வேண்டியிருந்தது. எனக்கு அது வரவில்லை. அவள் மேல் எந்தக் குறையும் இல்லை.

எனக்கு அப்பா இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அறையில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல என் வாழ்க்கையில் வேறு எதுவும் இருந்ததில்லை. அதை விட மனமில்லாமல்தான் ஆறு மாதம் பொய்யாக எழுதினேன்.

இஞ்சின் முடிந்துவிட்டது. பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஓட்டிப் பார்க்கவில்லை. என்னிடம் வளைவு இல்லை.

மாதக் கடைசியில் வேறு நாட்டில் ஒரு பட்டறைக்குப் போகிறேன். இனி நான் எழுதுவது சரியாக இருக்காது. என் கடிதம் உங்கள் வாசலில் விழும்போதெல்லாம் அவள்தான் குனிந்து எடுக்க வேண்டியிருக்கும்.

மன்னித்துவிடுங்கள்.

வணக்கத்துடன்.

செப்டம்பர் 2

அன்புள்ள

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை என்று எழுதினால் குருவிக்குத் துரோகம். தம்பி என்று எழுதினால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. உங்கள் பெயரை நான் உறையின் மேல் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே எழுதிக் கைக்குப் பழக்கமில்லை. அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

முழங்கால் பழையபடிதான். உங்கள் அத்தைக்குத் தலைவலி இல்லை. நான் இப்போது அதிகம் பேசுவதில்லை, அதனால் இருக்கலாம். அத்தை என்று எழுதக் கூடாதோ என்னவோ. அவளும் உங்களைப் பற்றிப் பேசும்போது "மாப்பிள்ளை" என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொள்கிறாள்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நான் அழவில்லை என்று சொல்ல மாட்டேன். குருவிதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லப்பா" என்றாள். உங்களிடம் கேட்டேன், மே மாதத்தில். அவளிடம் கேட்கவில்லை. அவள் என் வீட்டிலேயே இருந்தாள்.

கண்ணாடிக் கடைக்கு மேலேயே ஓர் அறை கிடைத்திருக்கிறது என்று போன வாரம் கிளம்பிவிட்டாள். பெட்டிகளை ஏற்றிய பிறகு சின்ன அறை வாசலில் வந்து நின்றாள். உங்கள் இஞ்சின் தண்டவாளத்தில் நின்றுகொண்டிருந்தது. "இன்னும் ஓட்டிப் பாக்கலையா?" என்று கேட்டாள். என் புத்தியைப் பாருங்கள். பெற்ற பெண் வீட்டை விட்டுப் போகிறாள், நான் "ரெண்டு நிமிஷம் இரும்மா, ஓட்டிக் காட்டுறேன்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வண்டி நிக்குதுப்பா" என்றாள். போய்விட்டாள்.

மறுநாள் ஓட்டினேன். ஓடுகிறது. எப்படி ஓடுகிறது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! முதல் ஓட்டை வழியாக உள்ளே நுழையும்போது நேராகத்தான் போகிறது. அப்புறம் பார்த்தால் திரும்பியிருக்கிறது. வளைவின் நடுவில் உள்பக்கம் லேசாகச் சாய்கிறது, சக்கரம் ஒன்றுகூட முனகவில்லை. அத்தையைக் கூப்பிட்டேன். முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து பார்த்தாள். "சுத்துது" என்றாள். திரும்பிப் போனாள்.

அறை காலியாகத்தானே இருக்கும் என்று ஏப்ரலில் உங்களுக்கு எழுதியிருந்தேன். காலியாகத்தான் இருக்கிறது. நான் இந்தப் பக்கம், ரயில் அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். இஞ்சின் ஓர் ஓட்டைக்குள் போகிறது. கொஞ்ச நேரம் கண்ணில் இல்லை. அப்புறம் அடுத்த ஓட்டை வழியாக வருகிறது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

புது முகவரியை நீங்கள் எழுதவில்லை. அவசரத்தில் மறந்திருப்பார் என்கிறாள் அத்தை. நீங்கள் எதையும் மறக்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும், அவளிடம் சொல்லவில்லை. இதை விடுதி முகவரிக்கே போடுகிறேன். அந்த அறைக்கு இப்போது வேறு யாராவது வந்திருப்பார்கள். பிரித்தால் பிரிக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இரண்டாவது ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இணைப்பை நான் பற்றவைக்காமல் விட்டுவிட்டேன். அந்த இடத்தில் கை நுழையவில்லை. நேரான துண்டை ஆணி அடித்துத்தான் வளைவில் பிடித்து வைத்தேன். நீங்கள் சொன்னபடியே இப்போது அங்கே ஒரு முறிவு விழுந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை. இஞ்சின் அந்த இடத்தைக் கடக்கும்போது ஒரு சின்னத் தட்டல் கேட்கிறது. பிரித்துவிட்டு முதலிலிருந்து செய்யட்டுமா, இல்லை இப்படியே விட்டுவிடட்டுமா? உங்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
பொம்மை ரயில் கண்காட்சியில் நீங்கள் ஒருமுறை "சார்" என்று கூப்பிட்டவர்